ஹாலோவீன் வேடத்துக்கும் ஃபேஷன் உடைக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது?

நீலநூல்:

அனைவருக்கும் வணக்கம். ஆடை வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இந்தப் பருவத்துக் கட்டுரைக்காக, பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஷியாபரெல்லி 1938-ஆம் ஆண்டு தமது சர்க்கஸ் தொகுப்பில் ஓவியர் சால்வதோர் தாலியுடன் சேர்ந்து உருவாக்கிய எலும்புக்கூடு உடையைப் பற்றிப் படித்து வருகிறேன். உடலோடு ஒட்டிய கறுப்புப் பட்டு உடை அது. விலா எலும்புகளும் முதுகெலும்பும் துணிக்கு உள்ளிருந்து புடைத்து வந்தது போலத் தெரியும். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கறுப்புத் துணியின் மேல் எலும்பு என்ற அதே எண்ணம் அமெரிக்காவில் ஒவ்வோர் அக்டோபரிலும் பிளாஸ்டிக் உறையில் அடைபட்டுக் கடைகளில் தொங்குகிறது. 31-ஆம் தேதி இரவு, பேயும் சூனியக்காரியுமாக வேடமிடும் ஹாலோவீன் விழாவுக்கு அணிகிறார்கள், மறுநாளே அது குப்பைக்குப் போய்விடுகிறது. ஒன்று அருங்காட்சியகத்துக்கும் மற்றொன்று குப்பைத்தொட்டிக்கும் போவதற்கு விலையும் வடிவமைப்பாளரின் பெயரும் மட்டுமே காரணம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. வேடம் என்பதும் ஃபேஷன் என்பதும் உண்மையிலேயே வேறு வேறு பொருள்களா, அல்லது ஒரே பொருளின் இரண்டு விலைகளா? தைப்பவர்களும் வரலாறு படித்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கத்தரிமுனை:

நீலநூல், விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தையலைப் பாருங்கள். ஷியாபரெல்லியின் உடையில் எலும்புகள் அச்சடிக்கப்பட்டவை அல்ல. இரண்டு அடுக்குத் துணியைச் சேர்த்து எலும்பின் வடிவத்தில் கோடு கோடாகத் தைத்து, பின்பக்கமாகப் பஞ்சை உள்ளே செலுத்தி, முன்பக்கம் புடைக்கச் செய்திருக்கிறார்கள். பஞ்சு சற்று அதிகமாகிவிட்டால் பட்டு சுருங்கி இழுக்கும். குறைந்தால் எலும்பு தட்டையாகிவிடும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் ஒரு விலா எலும்புக்கு எவ்வளவு நேரம் போகும் என்பது புரியும்.

நான் நியூ ஜெர்சியில் ஓர் ஆல்டரேஷன் கடையில் 14 ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். அக்டோபர் கடைசி வாரத்தில் உறை பிரித்த வேட உடைகள் என் மேசைக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு பெண்மணி சூனியக்காரி உடை ஒன்றைக் கொண்டுவந்து, அக்குள் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். உள்பக்கம் திருப்பினேன். தையலுக்கு வெளியே கால் இஞ்ச் துணிகூட விடவில்லை. நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இல்லை, கீழ் ஓரம் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விடப்பட்டிருந்தது, கழுத்தின் பின்னால் ஒரு கீறலும் அதில் ஒரு விரல் நீள வெல்க்ரோவும் மட்டுமே இருந்தன. பிரித்தால் மறுபடியும் ஊசி போட இடமில்லை. பணம் வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

உள்ளே துணி விட்டுத் தைக்கும் உடை, அணிபவர் நாளை பருக்கலாம், இளைக்கலாம், இதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணித் தைக்கப்படுகிறது. அந்தச் சூனியக்காரி உடையைத் தைத்தவர்களின் கணக்கில் நாளை என்பதே இல்லை. நான் கோடு போட்டால் அங்கேதான் போடுவேன்.

துறைமுகத்தான்:

கத்தரிமுனை அக்கா சொன்னதை அமெரிக்க நீதிமன்றமே ஏறத்தாழ அதே சொற்களில் சொல்லியிருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தூத்துக்குடியில் ஆடை ஏற்றுமதிக்கான ஆவணங்களைத் தயாரிப்பது என் வேலை. பொருளை எந்தச் சுங்கத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதில் ஒரு சொல் பிசகினாலும் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும் என்பதால், இப்படிப்பட்ட தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் ஹாலோவீன் உடையை அணியாடை என்று பதிவு செய்தால் அக்காலத்தில் அமெரிக்காவில் வரி கட்ட வேண்டும். விழாப் பொருள் என்று பதிவு செய்தால் வரி கிடையாது. சுங்கத்துறை ஒவ்வோர் உடையையும் உள்ளும் புறமும் ஆராய்ந்து பிரித்தது. ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா, கழுத்து முறையாக முடிக்கப்பட்டிருக்கிறதா, ஜிப் வைத்திருக்கிறதா அல்லது வெறும் நாடாதானா, துணி துவைத்தால் தாங்குமா என்பவையே அளவுகோல். அக்கா தன் மேசையில் பார்த்த அதே இடங்கள்தாம். மெலிந்து, பிசிறு தட்டிய ஓரங்களோடு இருந்தவை விழாப் பொருளாயின. நன்றாகத் தைக்கப்பட்டவை அணியாடையாயின.

அந்நாட்டின் பெரிய வேட உடை நிறுவனங்களில் ஒன்றான ரூபீஸ் இந்தப் பிரிவினையை எதிர்த்து வழக்காடியது. இறக்குமதியாகும் மெலிந்த வேடங்களும் ஆடைதான், அவற்றுக்கும் வரி விதிக்க வேண்டும் என்பது உள்நாட்டில் தயாரிக்கும் அந்நிறுவனத்தின் வாதம். கீழ் நீதிமன்றம் 2002-இல் அதை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் மாற்றித் தீர்ப்பளித்தது. கண்ணியத்துக்காகவும் வசதிக்காகவும் அலங்காரத்துக்காகவும் அணிவதே ஆடை என்று எடுத்துக்கொண்டு, அந்த மெலிந்த வேடங்களின் முதன்மைப் பயன் விழாக் களிப்புதான் என்று அது முடிவு செய்தது. ஆக, நீலநூலின் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. வேடத்தையே நேர்த்தியாகத் தைத்துவிட்டால் அது ஆடையாகிவிடுகிறது.

பழைய அலமாரி:

இருவருமே நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் தையலின் தரத்தை மட்டும் கோடாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உலகின் மிக நேர்த்தியான தையல்களில் சில வேடங்களுக்காகவே போடப்பட்டவை.

1883 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் வாண்டர்பில்ட் குடும்பத்தார் நடத்திய மாறுவேட நடன விருந்துக்கு, ஆலிஸ் வாண்டர்பில்ட் மின்விளக்காக வேடமிட்டு வந்தார். தைத்துக் கொடுத்தது பாரிஸின் சார்லஸ் ஃபிரடெரிக் வொர்த் நிறுவனம். மஞ்சள் பட்டின் மேல் பொன், வெள்ளி இழைகளால் மின்னல் கொடிகள். கையில் ஏந்திய விளக்கு எரிவதற்கு உடைக்குள்ளேயே மின்கலம் மறைத்து வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் மன்ஹாட்டனில் இயங்கத் தொடங்கி அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஓரிரவு அணிவதற்கான அந்த உடை இன்றும் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கத்தரிமுனை சொல்லும் "நாளை" அதன் கணக்கில் இல்லை. ஆனால் தையலில் ஒரு குறையும் இல்லை.

அதைவிட முக்கியமான செய்தி, வேடத்திலிருந்து ஃபேஷன் பிறந்த கதை. 1911 ஜூன் 24 அன்று பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே "ஆயிரத்து இரண்டாவது இரவு" என்ற பெயரில் ஒரு விருந்து வைத்தார். பாரசீக வேடத்தில்தான் வரவேண்டும் என்பது கட்டளை. அப்படி வராதவர்களுக்கு அவரே உடை கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவருடைய மனைவி தெனீஸ் அணிந்திருந்த, கீழ் விளிம்பில் வளையம் வைத்து விரிந்து நின்ற மேலாடையைப் பார்த்தால் மேசை விளக்கின் கூம்பு மூடி நினைவுக்கு வரும். இரண்டே ஆண்டுகளில் அந்த விளக்குமூடி மேலாடை பாரிஸ் பெண்கள் விலை கொடுத்து வாங்கும் நாகரிக உடையாகிவிட்டது. விருந்து அவருக்கு ஒத்திகையாகவும் விளம்பரமாகவும் பயன்பட்டது. வேடம் என்ற சாக்கு இல்லாமல் அந்த வடிவத்தை நேராகக் கடையில் வைத்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

1981-இல் லண்டனில் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் அரங்கேற்றிய கடற்கொள்ளையர் தொகுப்பும் இதே வழியில் வந்ததுதான். நகரின் இரவு விடுதிகளில் இளைஞர்கள் நாடக உடைகளை அணிந்து திரிந்த காலம் அது. வெஸ்ட்வுட் வெறும் கொள்ளையன் வேடத்தை நகலெடுக்கவில்லை. பழங்காலத்துச் சட்டைகள் எப்படி வெட்டப்பட்டன என்பதைத் தேடிப் படித்து, அந்த வெட்டையே மீட்டெடுத்தார். கொள்ளையனின் வேடத்திலிருந்து கொள்ளையன் போய்விட்டான். தொளதொளப்பான சட்டை மட்டும் நின்றது.

நீலநூல்:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. பழைய அலமாரி அவர்களே, நீங்கள் காட்டியவை எல்லாம் செல்வந்தர்களின் விருந்துகளும் பாரிஸ் கடைகளும். சாதாரண மக்களின் ஹாலோவீன் இதில் எங்கே வருகிறது?

பழைய அலமாரி:

நியாயமான கேள்வி. வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கத்தை அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். அப்போது கடையில் வாங்கும் உடை என்ற ஒன்று இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸைச் சேர்ந்த டென்னிசன் என்ற காகித நிறுவனம் தன் சுருக்கக் காகிதத்தை விற்பதற்காக ஹாலோவீன் கையேடுகளை வெளியிட்டது. காகிதத்தை எப்படி வெட்டி, எப்படிச் சுருக்கி, எந்த அடிப்படை உடையின் மேல் தைத்தால் சூனியக்காரியோ பூனையோ ஆகலாம் என்று அவை சொல்லிக் கொடுத்தன. அந்தப் படங்களில் உள்ள பெண்களின் உருவத்தைப் பார்த்தால் அந்தந்த ஆண்டின் ஃபேஷன் அப்படியே தெரியும். 1920-களின் காகிதச் சூனியக்காரிக்கு இடுப்பு கீழே இறங்கியிருக்கும், பாவாடை குட்டையாகியிருக்கும். மக்கள் தங்கள் காலத்து உடையின் மேல்தான் வேடத்தை ஒட்டினார்கள்.

பிறகு பெட்டி உடைகள் வந்தன. நியூயார்க்கில் 1937-இல் தொடங்கிய பென் கூப்பர் நிறுவனம், மெல்லிய பிளாஸ்டிக் முகமூடியையும் முதுகில் நாடா கட்டும் ஓர் அங்கியையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. அதில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்த ஒரு விவரம் உண்டு. அந்த அங்கி பெரும்பாலும் கதாபாத்திரத்தின் உடையைப் போலவே இருக்காது. அதன் மார்பில் அந்தப் பாத்திரத்தின் படமும் பெயரும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எந்தப் பாத்திரமும் தன் பெயரைத் தன் மார்பில் எழுதிக்கொண்டு திரிவதில்லை. ஹாலோவீன் இரவில் கதவைத் திறப்பவர் குழந்தையிடம் கேட்கும் முதல் கேள்வி "நீ யார்?" என்பதுதான். அதற்கான விடையை அந்த அங்கி குழந்தைக்கு முன்பாகவே சொல்லிவிட்டது.

என்னுடைய கோடு அங்கே இருக்கிறது. பார்த்தவுடன் ஒரு பெயர் வந்தால் அது வேடம். பெயர் உதிர்ந்து வெட்டும் வண்ணமும் மட்டும் மிஞ்சினால் அது ஃபேஷன்.

கத்தரிமுனை:

இந்தப் பெயர்க் கணக்கை நான் ஏற்கிறேன்; என் கையில் உள்ள ஓர் எடுத்துக்காட்டால் அதை மறுபக்கத்திலிருந்தும் காட்ட முடியும். ஒரு காலத்தில் ஃபேஷனாக இருந்தது பெயர் ஒட்டிக்கொண்டு வேடமாகிவிடுவதை ஒவ்வோர் அக்டோபரிலும் பார்க்கிறேன். ஃபிளாப்பர் என்று அழைக்கப்பட்ட, 1920-களின் நவநாகரிக இளம்பெண்ணின் உடைதான் அது. உறையில் வரும் ஃபிளாப்பர் உடை என்றால், தொடை வரை மட்டுமே நீளும் பாலியெஸ்டர் துணியில் மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகக் குஞ்சம், தலைக்கு ஓர் இறகுப்பட்டை, கழுத்துக்கு நீள முத்துமாலை.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தம் குடும்பத்தில் காப்பாற்றி வைத்திருந்த அக்காலத்து உடை ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். கையில் வாங்கியபோது எடையில் தோள் இறங்கியது. பட்டு ஜார்ஜெட் துணி முழுவதும் கண்ணாடிக் குழல்மணிகள், ஒவ்வொன்றும் கையால் கோத்துத் தைத்தவை. முழங்காலுக்குக் கீழே வரும் நீளம். ஒரு குஞ்சம்கூட இல்லை. இடுப்பில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் தோளிலிருந்து நேராகத் தொங்குவதால், மணிகளின் எடை முழுவதையும் இரண்டு தோள் தையல்களே தாங்க வேண்டும். அங்கேதான் பட்டு நூல் நூலாகக் கிழிந்திருந்தது. ஹேங்கரில் மாட்ட வேண்டாம், படுக்கை வசத்தில் வையுங்கள் என்று சொல்லி, உள்ளே மெல்லிய வலைத்துணி கொடுத்துத் தாங்கல் போட்டுத் தந்தேன்.

அந்த உடையை அணிந்து ஒருவர் ஹாலோவீன் விருந்துக்குப் போனால் அவரை ஃபிளாப்பர் என்று பலருக்கு அடையாளம் தெரியாது. குஞ்சம் வைத்த பாலியெஸ்டர் உடைக்குத்தான் பெயர் இருக்கிறது. ஒரு காலத்துப் பெண்கள் உண்மையில் உடுத்தியதை வேடம் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முத்திரையை வைத்துவிடுகிறது. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

நீலநூல்:

இந்த மாற்றம் இப்போது மிக விரைவாக நடக்கிறது என்று தோன்றுகிறது. 2022 மார்ச்சில் வாலன்டினோ ஃபேஷன் நிறுவனத்துக்காக அதன் வடிவமைப்பாளர் பியர்பாவ்லோ பிச்சோலி ஏறத்தாழ முழுத் தொகுப்பையும் ஒரே அடர் இளஞ்சிவப்பில் அரங்கேற்றினார். அடுத்த ஆண்டு ஜூலையில் பார்பி திரைப்படம் வந்தது. அந்த அக்டோபரில் எங்கு பார்த்தாலும் பார்பி வேடம். அதற்குப் பிறகு அந்த நிறத்தில் ஒரு கோட்டு அணிந்தால், உங்களுக்குப் பிடித்த நிறமா என்று யாரும் கேட்பதில்லை. பார்பியா என்றுதான் கேட்கிறார்கள். ஃபிளாப்பருக்குப் பல பத்தாண்டுகள் ஆனது, இதற்கு ஒன்றரை ஆண்டு போதுமானதாக இருந்தது.

பனிக்கால அம்மா:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெயர் என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். நான் டொரொன்டோவில் ஸ்காபரோ பகுதியில் வசிக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளுக்கு வேடம் வாங்கக் கடைக்குப் போனபோது, அரபு ஷேக், செவ்விந்தியப் பெண் என்று எழுதிய உறைகளுக்கு நடுவில் பாலிவுட் என்று எழுதிய ஓர் உறையும் தொங்கியது. உள்ளே குட்டையான பளபளப்பு மேல்சட்டை, தோளில் குறுக்கே தைத்து ஒட்டிய ஒரு துண்டுத் துணி, நெற்றிக்கு ஒரு பொட்டு. என் மூத்த மகள் அதைப் பார்த்து, "அம்மா, இது அம்மம்மா உடுத்துறது தானே?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் அம்மா ஆறு கசப் புடவையைக் கொசுவி உடுத்திக்கொண்டு பனியில் பேருந்துக்கு நின்றவர். அவருக்கு அது அன்றாட உடை. அந்தக் கடையில் அதற்குப் பெயர் வேடம்.

ஒஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் 2011-இல் "நாங்கள் ஒரு பண்பாடு, வேடம் அல்ல" என்ற பொருளில் சுவரொட்டிகள் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சுவரொட்டியிலும் ஒரு மாணவர், தம் இனத்தின் பெயரால் யாரோ வேடமிட்ட படத்தைக் கையில் பிடித்திருப்பார். கத்தரிமுனை அக்கா அந்தப் பழைய மணி உடைக்காக வருந்தியதைப் படித்தபோது எனக்கு அந்தச் சுவரொட்டிகள் நினைவுக்கு வந்தன. ஃபிளாப்பர் பெண்கள் இன்று இல்லை. எங்கள் அம்மாமார் இருக்கிறார்கள்.

பழைய அலமாரி:

சகோதரி, நீங்கள் எழுதியது என் முந்தைய பதிவையும் தொடுகிறது. புவாரேயின் பாரசீக விருந்தை ஃபேஷனின் ஒத்திகை என்று மட்டும் எழுதிவிட்டேன். அங்கே வேடமாக்கப்பட்டதும் உயிருள்ள மக்கள் நாள்தோறும் உடுத்திய உடைதான். அதை விட்டுவிட்டு எழுதியது குறைதான், இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

துறைமுகத்தான்:

நீலநூலின் கட்டுரைக்கு உதவும் என்பதால் இன்னொரு வழக்கையும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஓர் உடையின் வெட்டுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது; ஒருவர் வெட்டியதை மற்றவர் வெட்டலாம். ஆனால் 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ரஸ்டா இம்போஸ்டா என்ற நிறுவனத்தின் வாழைப்பழ வேடத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு என்று முடிவு செய்தது. வளைவு, நிறம், கோடுகள், இரு முனைகளிலும் உள்ள கறுப்பு ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு சிற்பம் போல நிற்கின்றன என்பது காரணம். கைகளும் கால்களும் முகமும் வெளியே வருவதற்கு விட்ட துளைகளுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை, அவை அணிவதற்கான வசதி என்று தள்ளப்பட்டன. வேடத்துக்குள் இருக்கும் ஆடை அந்தத் துளைகள் மட்டுமே என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

கத்தரிமுனை:

நமது மொழியிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது என்பது இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது. உடையை உடுத்துகிறோம், பிறகு களைகிறோம், துவைத்து மடித்து வைக்கிறோம். வேடத்தைக் கட்டுகிறோம், பிறகு கலைக்கிறோம். கலைந்த பிறகு அதை என்ன செய்வது என்பதற்குச் சொல் இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு இன்றைய ஹாலோவீன் மீது கோபம் வருகிறது. 2023-இல் அமெரிக்கர்கள் வேடங்களுக்கு மட்டும் 410 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணக்கிட்டது. பிரிட்டனில் 2019-இல் இரண்டு அமைப்புகள் சேர்ந்து 19 கடைகளின் 324 ஹாலோவீன் உடைகளை ஆராய்ந்து, அவற்றின் மூலப்பொருளில் 83 விழுக்காடு பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் என்று கண்டன. அந்நாட்டில் அந்த ஓர் ஆண்டு ஹாலோவீன் உடைகளால் மட்டும் ஏறத்தாழ 2,000 டன் பிளாஸ்டிக் கழிவு சேரும் என்றும் மதிப்பிட்டன. பாலியெஸ்டர் குஞ்சம் மண்ணில் மட்காது. டென்னிசன் காகிதச் சூனியக்காரி ஒரு மழையில் கரைந்து போயிருப்பாள்.

பனிக்கால அம்மா:

அக்கா, நானும் அதற்குத்தான் ஒரு வழி தேடினேன். எங்கள் ஊரில் அக்டோபர் 31 இரவு பெரும்பாலும் குளிராகவே இருக்கும். எந்த வேடம் வாங்கினாலும் அதன் மேல் குளிர்க்கோட்டு ஏறிவிடும். யார் வேடம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெற்றோர் கோட்டுக்கு மேலே போடும்படி இரண்டு அளவு பெரிதாக வாங்குவார்கள். சென்ற ஆண்டு நான் வாங்காமல், பழைய கம்பளிப் போர்வை ஒன்றை வெட்டி, தலைமூடி வைத்த சிவப்பு மேலங்கி ஒன்றைத் தைத்தேன். ஓநாயிடம் மாட்டிக்கொள்ளும் கதைச் சிறுமியின் வேடம். மகள் கையில் ஒரு கூடை. அன்றிரவு எல்லா வீட்டிலும் அவள் பெயரைச் சரியாகச் சொன்னார்கள்.

நவம்பர் முதல் தேதி காலை அவள் கூடையை வைத்துவிட்டு அதே மேலங்கியோடு பள்ளிக்குப் போனாள். மார்ச் வரை அதைத்தான் அணிந்தாள். ஒருவரும் வேடம் என்று கேட்கவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று இரண்டு தாய்மார் கேட்டார்கள்.

இந்த ஆண்டு அவள் வளர்ந்துவிட்டாள். தலைமூடியின் ஓரம் கன்னத்தில் இழுக்கிறது. பிரித்துப் போட முடியுமா, அல்லது புதிதாக வெட்டத்தான் வேண்டுமா?

கத்தரிமுனை:

உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள் என்று முதலில் அளந்து பாருங்கள். முக்கால் இஞ்ச் இருந்தால் நடுத் தையலைப் பிரித்து அரை இஞ்ச் விடலாம். இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் இஞ்ச் கிடைக்கும், ஒரு குளிர்காலத்துக்கு அது போதும். அதற்கும் குறைவாக இருந்தால் பிரிக்க வேண்டாம். தலைமூடியின் நடுவே, நெற்றியிலிருந்து பிடரி வரை, இரண்டு இஞ்ச் அகலத்தில் ஒரு பட்டி வைத்துத் தையுங்கள். அதே சிவப்பு கிடைக்கவில்லை என்றால் கறுப்பு வையுங்கள், நன்றாகவே இருக்கும். கம்பளியை இறுக்கிப் பிடித்துத் தைக்காமல், மெஷினின் தையல் நீளத்தைக் கூட்டி, மெதுவாக ஓட்டுங்கள். முடித்ததும் உள்பக்கத்தின் படம் ஒன்றை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.